விண்டோஸ் மாறியது, மெயில் பெட்டியைக் காணோம்

கேள்வி: வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றுக் காரைக்குடியில் இருக்கிறேன். எங்கள் நகர் நலச் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். 2019இல் வாங்கிய லேப்டாப்பில் விண்டோஸ் 10 இருந்தது. அதற்கு இனி பாதுகாப்பு அப்டேட் வராது என்றார்கள் என்பதால் கடையில் கொடுத்தேன். எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க் போட்டு, விண்டோஸ் 11 ஏற்றி, பழைய ஹார்ட் டிஸ்கை ஒரு கவரில் போட்டுக் கையில் கொடுத்துவிட்டார்கள். வேகம் நன்றாக இருக்கிறது. ஆனால் விண்டோஸ் 7 காலத்திலிருந்து நான் பயன்படுத்திய லைவ் மெயில் என்ற மைக்ரோசாஃப்ட் மெயில் மென்பொருள் இல்லை. மெயில் என்று தேடினால் அவுட்லுக் திறக்கிறது. கடிதங்களுக்கு நடுவே விளம்பரம் வருகிறது. பென் டிரைவில் வைத்திருந்த பழைய லைவ் மெயிலை மறுபடி ஏற்றினேன். ஜிமெயில் பாஸ்வேர்டைச் சரியாகக் கொடுத்தாலும் திரும்பத் திரும்பக் கேட்கிறது. கடைப் பையன் "குரோமிலேயே பாருங்கம்மா" என்கிறான். சங்கத்துக்குத் தனி முகவரி உண்டு, சொந்த இணையதளப் பெயரில். அதற்கு 2012 முதல் வந்த கடிதங்களும் லைவ் மெயிலில்தான் இருந்தன. இடப்பக்கம் ஃபோல்டர், நடுவில் பட்டியல், வலப்பக்கம் கடிதம். இவ்வளவு இருந்தால் எனக்குப் போதும். அரட்டை, நாட்காட்டி எதுவும் வேண்டாம். அப்படி ஏதாவது இருக்கிறதா?

பதில்: வணக்கம் அம்மா. இருக்கிறது. தண்டர்பேர்ட் என்ற இலவச மென்பொருள். எப்படிப் போடுவது, எதையெல்லாம் மறைத்தால் நீங்கள் கேட்டபடி ஆகும் என்று கீழே சொல்கிறேன். ஆனால் அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை அந்தக் கவரில் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் எனக்குப் பதற்றம் கொடுத்த வரியே அதுதான். சங்கத்தின் பழைய கடிதங்கள் இப்போது உலகத்தில் அந்த ஒரு டிஸ்கில் மட்டும் இருக்க வாய்ப்பு உண்டு. ஆகவே அதை யாருக்கும் கொடுக்காதீர்கள். "ஃபார்மேட் செய்து பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாம்" என்று கடையில் சொன்னால் இப்போது வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஏன் என்றால், மெயிலைக் கணினிக்குக் கொண்டுவர இரண்டு வழிகள் உண்டு. ஒன்று பாப், இன்னொன்று ஐமேப். நீங்கள் வங்கியில் இருந்தவர், உங்களுக்கு இப்படிச் சொன்னால் சட்டென்று பிடிபடும். ஐமேப்பில் கணக்கு வங்கி லெட்ஜரில் இருக்கிறது, உங்கள் திரையில் தெரிவது பாஸ்புக். பாஸ்புக் தொலைந்தால் வேறு வாங்கிக்கொள்ளலாம். பாப் முறையில் பணத்தை எல்லாம் எடுத்து வந்து வீட்டு பீரோவில் வைத்துவிடுகிறோம். சர்வரில், அதாவது மெயில் நிறுவனத்தின் கணினியில், ஒரு பிரதியை விட்டுவை என்று டிக் செய்திருந்தால்தான் அங்கேயும் மிச்சம் இருக்கும்.

உங்கள் ஜிமெயில் எந்த வழியில் வந்தாலும் பெரும்பாலும் கவலை இல்லை. கூகுள் தளத்தில் போய்ப் பார்த்தால் பழைய கடிதங்கள் அங்கே இருக்கும். சங்க முகவரிதான் சந்தேகத்துக்குரியது. 2012இல், இணையதளத்துக்கு இடம் வாடகைக்குத் தருகிற ஒரு சிறு ஹோஸ்டிங் நிறுவனத்திடம் இணையதளமும் முகவரியும் வாங்கியிருப்பீர்கள். அப்போது அவர்கள் கொடுத்த இடம் கொஞ்சம்தான் இருந்திருக்கும், நிரம்பிவிடும் என்று பாப் போட்டுக் கொடுப்பதுதான் வழக்கம். இதை உறுதி செய்ய ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. பிரவுசரிலேயே கடிதம் பார்க்க அந்த நிறுவனம் வெப்மெயில் முகவரி ஒன்று கொடுத்திருக்கும். குரோமில் அதைத் திறந்து, சங்க முகவரியையும் பாஸ்வேர்டையும் கொடுத்து உள்ளே போங்கள். இன்பாக்ஸின் கடைசிப் பக்கத்துக்குப் போய்ப் பாருங்கள். 2012 கடிதம் அங்கே இருந்தால் நிம்மதி, எல்லாம் சர்வரில் இருக்கிறது. லேப்டாப்பைக் கடையில் கொடுத்த நாளுக்குப் பிறகு வந்தவை மட்டும் இருந்தால், மீதி அத்தனையும் கவரில்தான். 'அனுப்பியவை' ஃபோல்டரையும் ஒருமுறை பாருங்கள். பாப் முறையில் நீங்கள் எழுதிய பதில்களின் பிரதி சர்வரில் உள்ள அந்த ஃபோல்டரில் சேர்வதே இல்லை. நகராட்சிக்கு நீங்கள் எழுதிய மனுக்கள் எல்லாம் அந்த வகையில்தான் சேரும்.

சரி, டிஸ்கிலிருந்து எடுப்பது எப்படி? லேப்டாப் டிஸ்க் என்பதால் வேலை எளிது. இரண்டரை அங்குல ஹார்ட் டிஸ்க் கேஸிங் என்று கேட்டால் கம்ப்யூட்டர் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். டிஸ்கை அதற்குள் செருகி, யூஎஸ்பி கேபிளில் மாட்டினால் பென் டிரைவ் போலத் திறக்கும். தனி மின் இணைப்புக்கூடத் தேவையில்லை. மாட்டியதும் "இந்த டிஸ்கைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்ய வேண்டும்" என்று விண்டோஸ் ஒரு பெட்டி காட்டினால் 'கேன்சல்' மட்டும் அழுத்துங்கள். டிஸ்கிலிருந்து டக், டக் என்று சத்தம் வந்தால் உடனே கழற்றிவிடுங்கள். அது சாகப்போகிற டிஸ்க். தரவு மீட்பவர்களிடம் கொடுக்க வேண்டியது, வீட்டில் வைத்து முயற்சி செய்யக் கூடாது. 2019 டிஸ்குக்கு அந்த நிலை வந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

டிஸ்க் திறந்ததும் உள்ளே 'யூசர்ஸ்' என்ற ஃபோல்டர், அதற்குள் உங்கள் பெயரில் ஒரு ஃபோல்டர். அனுமதி இல்லை என்று விண்டோஸ் சொன்னால் 'கன்டினியூ' அழுத்துங்கள், கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் திறக்கும். அதற்குள் 'ஆப்டேட்டா' என்று ஒன்று இருக்க வேண்டும், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. மேலே 'வியூ' மெனுவில் 'ஷோ', அதில் 'ஹிடன் ஐட்டம்ஸ்' என்பதை டிக் செய்தால் மங்கலாகத் தெரியும். அதற்குள் 'லோக்கல்', அதற்குள் 'மைக்ரோசாஃப்ட்', அதற்குள் 'விண்டோஸ் லைவ் மெயில்'. இந்தக் கடைசி ஃபோல்டரை அப்படியே காப்பி செய்து, புது லேப்டாப்பில் 'டாக்குமென்ட்ஸ்'க்குள் ஒட்டுங்கள். இன்னொரு பிரதியைப் பென் டிரைவில் போடுங்கள். கட் செய்யாதீர்கள், காப்பி மட்டும். அசல் டிஸ்கிலேயே இருக்கட்டும்.

திறந்து பார்த்தால் ஒவ்வொரு மெயில் கணக்குக்கும் ஒரு ஃபோல்டர், உள்ளே இன்பாக்ஸ், சென்ட் ஐட்டம்ஸ் என்று இருக்கும். நீங்களே உருவாக்கி வைத்த ஃபோல்டர்கள் 'ஸ்டோரேஜ் ஃபோல்டர்ஸ்' என்ற பெயரில் தனியாகக் கிடக்கும். அவற்றுக்குள் எண்ணும் எழுத்தும் கலந்த புரியாத பெயர்களோடு, முடிவில் இஎம்எல் என்று வரும் கோப்புகள். ஒரு கோப்பு என்றால் ஒரு கடிதம், இணைப்புகளும் அதற்குள்ளேயே. லைவ் மெயிலைப் பற்றி என்ன குறை சொன்னாலும் இந்த ஒரு விஷயத்துக்கு அதை மெச்ச வேண்டும். அதற்கு முந்தைய அவுட்லுக் எக்ஸ்பிரஸ் ஒரு ஃபோல்டரில் உள்ள எல்லாக் கடிதங்களையும் ஒரே கோப்பில் அடைத்து வைத்தது. அந்தக் கோப்பு கெட்டால் மொத்தமும் போச்சு.

இனி லைவ் மெயில் ஏன் அடம்பிடிக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். தப்பு உங்கள் பாஸ்வேர்டில் இல்லை. மெயில் மென்பொருளிடம் வெறும் பாஸ்வேர்டைக் கொடுத்து நுழைகிற வழியை, தனிநபர் கணக்குகளுக்கு 2022 மே 30 முதல் கூகுள் அடைக்கத் தொடங்கியது. இப்போது மென்பொருள் கூகுளின் சொந்த நுழைவுப் பக்கத்தைத் திறந்து காட்ட வேண்டும். நீங்கள் அங்கே பாஸ்வேர்டு கொடுப்பீர்கள், கூகுள் மென்பொருளுக்கு ஓர் அனுமதிச் சீட்டு தரும். பாஸ்வேர்டு மென்பொருளின் கைக்குப் போகவே போகாது. லைவ் மெயிலுக்கு இந்த முறை தெரியாது, இனி கற்றுக்கொள்ளவும் போவதில்லை. 2017 ஜனவரி 10 அன்றே மைக்ரோசாஃப்ட் அதைக் கைகழுவிவிட்டது. விண்டோஸ் 10இல் இத்தனை நாள் ஓடியதென்றால், யாரோ உங்கள் ஜிமெயிலில் இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டு, 'ஆப் பாஸ்வேர்டு' என்ற பதினாறு எழுத்து விசேஷப் பாஸ்வேர்டு ஒன்றை எடுத்து உள்ளே வைத்திருப்பார்கள். இன்றும் அப்படி ஒன்று எடுத்துப் போட்டால் ஓடக்கூடும். நான் போடச் சொல்ல மாட்டேன். முன்பின் தெரியாதவர்கள் அனுப்புகிற கடிதங்களைத் திறப்பதுதான் மெயில் மென்பொருளின் வேலையே. அந்த வேலைக்கு, இத்தனை வருடமாக யாரும் ஓட்டை அடைக்காத ஒன்றை வைத்திருப்பது சரியல்ல.

மைக்ரோசாஃப்டின் வீட்டு மெயில்களுக்கு ஆயுள் எப்போதுமே குறைவுதான். எக்ஸ்பியில் அவுட்லுக் எக்ஸ்பிரஸ், விஸ்டாவில் விண்டோஸ் மெயில், 7இல் நாமே இறக்கிக்கொள்ள வேண்டிய லைவ் மெயில், 8இலும் 10இலும் 'மெயில்' என்று நீல உறை போட்ட ஒரு சின்ன ஆப். அந்தக் கடைசி ஒன்று உண்மையிலேயே எளிமையானது, பலருக்குப் பிடித்தும் இருந்தது. 2024 டிசம்பர் 31உடன் அதையும் நிறுத்திவிட்டார்கள். இப்போது உங்கள் திரையில் திறப்பது 'புதிய அவுட்லுக்'. ஆபீஸோடு காசு கொடுத்து வாங்குகிற பழைய அவுட்லுக் வேறு. பெயர் ஒன்றுதான், ஆள் வேறு.

புதிய அவுட்லுக் மோசமான மென்பொருள் என்று சொல்ல மாட்டேன். அலுவலகத்தில் நாள் முழுக்க மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே இருப்பவருக்கு அது சரிதான். உங்களுக்கு இரண்டு காரணங்களால் வேண்டாம். முதலாவது நீங்களே பார்த்தது. இலவசமாகப் பயன்படுத்துவோருக்குப் பட்டியலின் உச்சியில் விளம்பரம் வரும், கடிதம் மாதிரியே உருவத்தில், ஓரத்தில் குட்டியாக 'ஆட்' என்று போட்டு. அதைக் கடிதம் என்று நினைத்து அழுத்திவிட்டு, எங்கேயோ போய் நின்று விழிக்கிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். இரண்டாவது கண்ணுக்குத் தெரியாதது. அதில் ஜிமெயிலையோ சங்க முகவரியையோ சேர்த்தால், அந்தக் கடிதங்களின் பிரதி மைக்ரோசாஃப்டின் சர்வருக்குப் போய், அங்கிருந்துதான் உங்கள் திரைக்கு வருகிறது. சேர்க்கும்போது இதைச் சொல்லி ஒப்புதலும் கேட்கும், நாம்தான் படிக்காமல் 'கன்டினியூ' அழுத்திவிடுகிறோம். சங்க உறுப்பினர்களின் ஆதார் நகலும் வீட்டுப் பத்திரமும் இணைப்பாக வருகிற முகவரி என்றால் இதை யோசிக்கத்தான் வேண்டும்.

கடைப் பையன் சொன்னதைத் தட்டிக்கழிக்காதீர்கள். ஜிமெயில் மட்டும் வைத்திருக்கிற ஒருவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் நானும் அவன் சொன்னதைத்தான் சொல்லியிருப்பேன். ஜிமெயிலில் பற்சக்கரத்தை அழுத்தி, ரீடிங் பேனை (கடிதம் படிக்கும் பகுதி) 'ரைட் ஆஃப் இன்பாக்ஸ்' என்று வைத்து, சாட், மீட் இரண்டையும் அணைத்து, ப்ரமோஷன்ஸ், சோஷியல் தாவல்களையும் எடுத்துவிட்டால் நீங்கள் கேட்கிற மூன்று பத்தி உருவம் வந்துவிடும். குரோமின் மூன்று புள்ளி மெனுவிலேயே அந்தப் பக்கத்தை ஆப் ஆக நிறுவிக்கொள்ளலாம். டாஸ்க்பாரில் தனி ஐகானாக உட்கார்ந்துகொள்ளும், மேலே முகவரிப் பட்டைகூட இருக்காது. முன்பு 'பேசிக் ஹெச்டிஎம்எல்' என்று வெறும் எழுத்தாக ஓர் உருவம் இருந்தது, மெதுவான இணைப்புக்காரர்களுக்கு அது வரப்பிரசாதம். 2024இல் அதையும் எடுத்துவிட்டார்கள். உங்களுக்குச் சிக்கல் என்னவென்றால், ஜிமெயில் தனி, சங்க முகவரி தனி, அதன் பழைய கடிதங்கள் தனிக் கோப்புகளாகக் கணினியில். இந்த மூன்றையும் ஒரே இடத்தில் வைத்துத் தேட பிரவுசரால் முடியாது.

ஆகவே தண்டர்பேர்ட். ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரைத் தருகிற மொசில்லா குடும்பத்தைச் சேர்ந்தது. முதல் பதிப்பு 2004 டிசம்பரில் வந்தது. நடுவில் சில வருடம் கவனிப்பாரில்லாமல் கிடந்து, பயனர்களின் நன்கொடையால் மீண்டு வந்தது. விளம்பரம் இல்லை. கடிதங்கள் உங்கள் மெயில் சர்வரிலிருந்து நேராக உங்கள் கணினிக்கு வருகின்றன, இடையில் யாரும் இல்லை. இஎம் கிளையன்ட் என்று இன்னொன்றும் உண்டு, பார்க்க அழகானது. சொந்தப் பயன்பாட்டுக்கு இரண்டு கணக்கு வரை இலவசம். நாளை சங்கப் பொருளாளருக்கும் ஒரு முகவரி போட்டு மூன்றாவது கணக்கு வந்தால் காசு கேட்கும். அதனால் தண்டர்பேர்டோடு நிற்கிறேன்.

இறக்கும்போது தேடுபொறியில் மேலே வருகிற விளம்பர இணைப்பை அழுத்தாதீர்கள். தண்டர்பேர்ட்.நெட் என்று ஆங்கிலத்தில் நீங்களே தட்டுங்கள். அங்கே மாதாமாதம் புதுப்பிக்கப்படும் பதிப்பு ஒன்றும், இஎஸ்ஆர் என்ற நிதானமான பதிப்பு ஒன்றும் இருக்கும். இஎஸ்ஆரை எடுங்கள். மெனு மாதாமாதம் இடம் மாறாது. பழைய கடிதங்களை ஏற்ற நமக்கு ஒரு துணை மென்பொருள் வேண்டும், அதுவும் இஎஸ்ஆரில்தான் தொல்லையில்லாமல் ஓடும். நன்கொடை கேட்டு ஒரு பக்கம் திறந்தால் பயப்பட வேண்டாம். கொடுக்காவிட்டாலும் எல்லாம் வேலை செய்யும்.

முதலில் ஜிமெயிலைச் சேருங்கள். பெயரும் முகவரியும் கொடுத்தால் சர்வர் விவரத்தை அதுவே கண்டுபிடித்துவிடும். ஐமேப்பா பாப்பா என்று கேட்டால் ஐமேப். பிறகு கூகுளின் நுழைவுப் பெட்டி திறக்கும், பாஸ்வேர்டு அங்கே. போனில் 'நீங்கள்தானா?' என்று கேட்டால் 'ஆம்' அழுத்துங்கள். 'ஆல் மெயில்' என்று ஒரு ஃபோல்டர் வரும். இன்பாக்ஸில் இருப்பதே அங்கேயும் இன்னொரு முறை தெரியும், இரண்டு கடிதம் வந்ததாக நினைக்க வேண்டாம். அது கண்ணை உறுத்தினால், பிரவுசரில் ஜிமெயில் அமைப்புகளில் 'லேபிள்ஸ்' தாவலுக்குப் போய், 'ஆல் மெயில்' எதிரே 'ஷோ இன் ஐமேப்' என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். ஐமேப்பில் இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், போனிலும் காணாமல் போகும். "கணினியில் இடம் அடைக்கிறதே" என்று எதையும் அழிக்காதீர்கள்.

சங்க முகவரிக்கு அவ்வளவு சுலபமாக இருக்காது. ஹோஸ்டிங்காரர்களிடம் போன் செய்து, "ஐமேப் சர்வர் பெயர் என்ன, எஸ்எம்டிபி சர்வர் பெயர் என்ன, என் பெட்டிக்கு எவ்வளவு இடம்" என்று மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஐமேப் கடிதம் வரும் வழி, எஸ்எம்டிபி போகும் வழி. வரும் கடிதத்துக்கு 993, போகும் கடிதத்துக்கு 465 அல்லது 587 என்பதுதான் வழக்கமான போர்ட் எண்கள், அதாவது சர்வரின் வாசல் எண்கள். 110, 25 என்று ஏதாவது சொன்னால் அது பூட்டில்லாத பழைய வழி, பாதுகாப்பான எண்ணைக் கேட்டு வாங்குங்கள். இடம் போதாது என்று அவர்கள் திரும்பவும் பாப்பைப் பரிந்துரைத்தால், கொஞ்சம் காசு கூடக் கொடுத்தாவது இடத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். சங்கக் கணக்கில் எழுதலாம். செயலாளர் மாறும்போது கடிதங்களும் அடுத்தவர் கைக்கு அப்படியே போக வேண்டும் அல்லவா?

இனி அழகுபடுத்தும் வேலை. திறந்தவுடன் தண்டர்பேர்ட் உங்களை மிரட்டும். இடது ஓரத்தில் ஐகான்களாக ஒரு நெடும் பட்டை, அதில்தான் நீங்கள் வேண்டாம் என்ற நாட்காட்டியும் அரட்டையும். கீபோர்டில் ஆல்ட் விசையைத் தட்டினால் மேலே மெனு எட்டிப்பார்க்கும். அதில் 'வியூ', 'டூல்பார்ஸ்' போய் முதலில் 'மெனு பார்' என்பதை டிக் செய்யுங்கள், மெனு நிலையாக நின்றுவிடும். அதே இடத்தில் 'ஸ்பேசஸ் டூல்பார்' டிக்கை எடுத்தால் ஐகான் பட்டை மறைந்துவிடும். வலது ஓரத்தில் இன்றைய நாட்காட்டி நீட்டிக்கொண்டிருந்தால் எஃப்11ஐ ஒரு தட்டு. அப்புறம் 'வியூ', 'லேஅவுட்', 'வெர்ட்டிகல் வியூ'. இடப்பக்கம் ஃபோல்டர், நடுவில் பட்டியல், வலப்பக்கம் கடிதம். நீங்கள் எழுதியது அட்சரம் பிசகாமல் வந்துவிட்டது.

பட்டியலில் ஒவ்வொரு கடிதமும் அட்டை அட்டையாகத் தெரியும். அனுப்பியவர், பொருள், தேதி என்று பத்தி பிரித்துப் பார்த்துப் பழகியவர்களுக்கு அது ஒத்துவராது. பட்டியலின் மேல் வலது மூலையில் ஒரு சிறு பொத்தான் இருக்கிறது, அதில் 'டேபிள் வியூ' என்று மாற்றிக்கொள்ளலாம். எழுத்து சிறியதாக இருந்தால் மூன்று கோடு மெனுவில் 'ஃபான்ட் சைஸ்' எதிரே கூட்டல் குறி இருக்கிறது. அதே மெனுவில் 'டென்சிட்டி' என்பதை 'ரிலாக்ஸ்ட்' ஆக்கினால் வரிகளுக்கு நடுவே மூச்சுவிட இடம் கிடைக்கும். அறுபது தாண்டிய யாருக்கு நான் கணினி அமைத்துக் கொடுத்தாலும் இந்த இரண்டையும் கேட்காமலே செய்துவிடுவேன். தொடங்கும்போது வரவேற்புப் பக்கம் வேண்டாம் என்றால், அமைப்புகளில் 'ஜெனரல்' பகுதியின் தொடக்கத்திலேயே 'ஸ்டார்ட் பேஜ்' டிக் இருக்கிறது, எடுத்துவிடுங்கள்.

பழைய கடிதங்களை ஏற்றும் இடம் இது. 'டூல்ஸ்' மெனுவில் 'ஆட்-ஆன்ஸ் அண்ட் தீம்ஸ்' திறந்து, இம்போர்ட்எக்ஸ்போர்ட்டூல்ஸ் என்ஜி என்று தேடி நிறுவுங்கள். இடப்பக்கம் கடைசியில் 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' என்று ஒன்று இருக்கும். அதன்மேல் வலது கிளிக் செய்து 'சங்கம் பழையது' என்று புது ஃபோல்டர் உருவாக்குங்கள், தமிழிலேயே பெயர் வைக்கலாம். அந்த ஃபோல்டர்மேல் வலது கிளிக், துணை மென்பொருளின் பெயர், அதில் ஒரு டைரக்டரியில் உள்ள எல்லாக் கடிதங்களையும் இறக்குமதி செய்யும் வரி, உட்ஃபோல்டர்களையும் சேர்த்து என்று இருப்பது. 'டாக்குமென்ட்ஸ்'இல் காப்பி செய்து வைத்த லைவ் மெயில் ஃபோல்டருக்குள் சங்கக் கணக்கின் ஃபோல்டரை மட்டும் காட்டுங்கள். பிறகு 'ஸ்டோரேஜ் ஃபோல்டர்ஸ்'க்கும் அதேபோல் ஒருமுறை. ஜிமெயில் ஃபோல்டரை ஏற்ற வேண்டாம், அது ஏற்கனவே சர்வரிலிருந்து வந்துவிட்டது. இத்தனை வருடக் கடிதங்கள் என்றால் நேரம் பிடிக்கும். நடுவில் அசையாமல் நிற்பதுபோல் தெரிந்தாலும் மூடாதீர்கள், காபி போட்டுக் குடித்துவிட்டு வந்து பாருங்கள்.

முடிந்ததும் 2012, 2016, 2020 என்று வருடத்துக்கு ஒரு கடிதமாகத் திறந்து, இணைப்பும் திறக்கிறதா என்று பாருங்கள். பழைய தமிழ்க் கடிதங்களில் சில ஆங்கில எழுத்தும் குறியும் கலந்து குப்பையாகத் தெரியலாம். தண்டர்பேர்டைக் குறை சொல்ல வேண்டாம், அவை பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தவை. யூனிகோடுக்கு மாற்றித் தரும் இலவச மாற்றிகள் இணையத்தில் உண்டு, அதில் ஒட்டினால் படிக்கலாம். யூனிகோடில் வந்தவை எல்லாம் விண்டோஸில் உள்ள நிர்மலா எழுத்துருவிலேயே ஒழுங்காகத் தெரியும்.

முகவரிப் புத்தகம்தான் கொஞ்சம் இழப்பு. லைவ் மெயில் அதை வேறொரு மூடிய கோப்பில் வைத்திருந்தது. பழைய டிஸ்கில் இருந்தாலும் அந்த மென்பொருள் இல்லாமல் பிரிப்பது தலைவலி. நான் அதற்கு மெனக்கெட மாட்டேன். உங்கள் போனில் உள்ள தொடர்புகள் கூகுள் கணக்கில் இருந்தால், ஜிமெயிலைச் சேர்க்கும்போதே அந்த முகவரிப் புத்தகத்தையும் இணைக்கட்டுமா என்று தண்டர்பேர்ட் கேட்கும், சரி என்று சொல்லுங்கள். சங்க உறுப்பினர்களின் முகவரிகள் ஏற்றிய கடிதங்களிலேயே இருக்கின்றன. கடிதத்தைத் திறந்து, பெயருக்குப் பக்கத்தில் தெரியும் நட்சத்திரத்தையோ புத்தகக் குறியையோ அழுத்தினால் சேர்ந்துவிடும். தேவைப்படும்போது ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டால் போதும்.

பேக்கப்புக்கு: 'ஹெல்ப்' மெனுவில் 'ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' என்று இருப்பதைத் திறந்தால் 'ப்ரொஃபைல் ஃபோல்டர்' என்ற வரியில் 'ஓப்பன் ஃபோல்டர்' இருக்கும். அந்த ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு, தண்டர்பேர்டை மூடிவிட்டு, அதை முழுதாக வெளி டிஸ்கில் காப்பி செய்யுங்கள். உங்கள் கணக்குகளும் ஏற்றிய கடிதங்களும் அமைப்புகளும் எல்லாம் அதற்குள்தான். மாதம் ஒருமுறை, சந்தாக் கணக்கு முடிக்கிற நாளில் செய்தால் மறக்காது. கேஸிங் வாங்கிய பிறகும் அந்தப் பழைய டிஸ்கை இதற்குப் பயன்படுத்தாதீர்கள், அதன்மேல் ஒரு சீட்டு ஒட்டி ஒரு வருடமாவது அப்படியே வைத்திருங்கள். பேக்கப்புக்கு வேறு டிஸ்க் வாங்கிக்கொள்ளலாம்.

கடைசியாக, எந்த இணையதளத்தில் மெயில் முகவரியை அழுத்தினாலும் மறுபடி அவுட்லுக் திறக்காமல் இருக்க, விண்டோஸ் அமைப்புகளில் 'ஆப்ஸ்', 'டிஃபால்ட் ஆப்ஸ்' போய் தண்டர்பேர்டைத் தேர்ந்தெடுத்து, 'மெயில்டூ' என்ற வரிக்கு அதையே கொடுத்துவிடுங்கள். டாஸ்க்பாரில் அவுட்லுக் ஐகான்மேல் வலது கிளிக் செய்து 'அன்பின்' அழுத்தி, அந்த இடத்தில் தண்டர்பேர்டைப் பின் செய்யுங்கள். ஹோஸ்டிங்காரர்கள் சொல்கிற சர்வர் பெயரைப் போட்டும் சங்கக் கணக்கு இணையவில்லை என்றால், பாஸ்வேர்டை மறைத்துவிட்டு அந்தப் பிழைச் செய்தியைப் படம் பிடித்து அனுப்புங்கள், பார்க்கிறேன்.